உங்களுக்கு அடுத்த திறன் எது?

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வாழ்வில் உயரத் தொழில்திறன்’. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு வருவார்கள். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், மின்வாகனம், ட்ரோன் என்று பத்துப் பெயர் சொல்வார்கள். நீங்களும் குறித்துக்கொள்வீர்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து வேறு பத்து சொல்லிவிட்டுப் போவார். என்னிடம் பட்டியல் இல்லை. அவரவர் பட்டியலை அவரவரே போட்டுக்கொள்ள ஒரு வழி மட்டும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அந்த வழி எனக்குத் தெரிந்தது இந்த மாவட்டத்து மரப்பட்டறையிலும் மரவள்ளிக் காட்டிலும்தான்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26ஆம் நாள். மேற்கே கல்வராயன் மலை, கிழக்கே உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை, நடுவே நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். சின்னசேலம் பக்கம் சேகோ ஆலைகள். சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. ஆக, இங்கே வேலையும் உண்டு, வேலை தெரிந்த கைகளும் உண்டு. அப்படியிருந்தும் சேலம் போகும் பேருந்திலும் பெங்களூரு போகும் பேருந்திலும் பையோடு ஏறுகிறவர்கள் குறையவில்லை. திறன் இருந்தும் ஏன் உயர முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

1. கிராக்கி என்னும் வழிகாட்டி

பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “இப்போ எதுக்கு சார் மவுசு?” என்பது. கேள்வியில் தப்பில்லை. ஆனால் மவுசு என்பது இன்றைய நிலவரம். பிள்ளை படித்து வெளியே வருவதோ மூன்று, நான்கு ஆண்டு கழித்து. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு இருந்த மவுசில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்ததால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். சம்பளம் சரிந்தது, இடங்கள் காலியாகக் கிடந்தன, பல கல்லூரிகள் மூடப்பட்டன. கூட்டத்தைப் பார்த்து ஒரு படிப்பில் சேர்ந்தால் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வேலை தேட வேண்டிவரும்.

இதைவிடக் கடுமையான பாடம் மலையில் இருக்கிறது. மரம் வெட்டுவது ஒரு திறன். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எங்கே முதல் வெட்டு விழ வேண்டும், இருட்டில் பாரத்தோடு பாறைச் சரிவில் எப்படி இறங்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் வராது. மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வரும். அந்தத் திறனுக்கு ஒரு காலத்தில் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் பெரிய கிராக்கி இருந்தது. செம்மரம் வெட்ட ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் ஏஜென்ட்டுகள் ஆள் பிடித்தார்கள். உள்ளூரில் கிடைக்கும் கூலியைவிடப் பல மடங்கு தருவதாகச் சொன்னார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் அந்தக் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். மரத்தை வாங்கியவனுக்கோ விற்றவனுக்கோ ஒரு கீறலும் விழவில்லை.

சாராயக் கதையும் இதுவேதான். காய்ச்சத் தெரிந்தவனுக்கு மலையில் எப்போதும் கிராக்கி இருந்தது. காய்ச்சியவன் வழக்குக்கும் சிறைக்கும் போனான், கைமாற்றியவன் காசு பார்த்தான். 2024 ஜூனில் இதே நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது மலைச் சாராயம் அல்ல, தொழிற்சாலை விஷம். ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. சாலையும் பள்ளியும் பிழைப்பும் சரியாக இருந்திருந்தால் அடுப்பு மூட்டியிருக்க வேண்டாமே என்ற கேள்வி அப்போதுதான் மேலே போயிற்று.

இந்த இரண்டையும் ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? ஒரு திறனுக்குக் கிராக்கி இருப்பதும் அந்தத் திறன் உள்ளவர் உயர்வதும் வேறு வேறு. எந்தத் தொழிலிலும் வேலை செய்கிறவருக்கும் பணம் கொடுக்கிறவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார். அவர் கையில் ஏதோ ஒரு திறன் இருக்கிறது, அதை வைத்துத்தான் அவர் பிழைக்கிறார். நேர்மையான தொழிலில் நடுவில் நிற்பவரின் அந்தத் திறன் எதுவோ, அதுதான் உங்களுக்கு அடுத்த திறன். இந்தப் பொழிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கு உதாரணம்.

2. மரப்பட்டறையில்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021இல். விண்ணப்பித்தது அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இந்தத் தொழில் இருக்கிறது.

மாணவர்கள் ஒருமுறை பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். முதலில் மரம் காய வேண்டும். ஈரம் போகாத வாகைக் கட்டையில் செதுக்கினால் ஆறு மாதத்தில் பிள்ளையார் முகத்தில் வெடிப்பு ஓடும். பிறகு தாளில் உருவம் வரைகிறார்கள். அந்த வரைவில் ஒரு கணக்கு இருக்கிறது. தாலம் என்பது அதன் பெயர். உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் மொத்த உயரம் 124 கூறு, நவதாலம் என்றால் 108 கூறு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று பிரிவு உண்டு. வரைவைக் கட்டையில் ஒட்டி, கொட்டாப்புளியால் உளியைத் தட்டி, வேண்டாததை முதலில் பெரிதாகக் கழிக்கிறார்கள். அடுத்து உளி சிறியதாகிறது, தட்டும் ஓசையும் மெலிகிறது. நகைகளுக்கும் விரல்களுக்கும் வரும்போது கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கை அழுத்தத்திலேயே செதுக்குகிறார்கள். கடைசியாக உப்புத்தாள், அதற்குப் பிறகு பாலிஷ். இந்த வேலையைக் கற்க ஆண்டுக்கணக்கு ஆகும். இதைத் திறன் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றடிச் சிற்பம் ஒன்றுக்கு மரம் 4,000 ரூபாய். பாலிஷ், உப்புத்தாள், மின்சாரம் 1,000. வேலை 12 நாள். பட்டறையில் விலை 14,000. செலவு போக 9,000, நாளுக்கு 750. ஒரு கொத்தனார் இதைவிட அதிகம் வாங்குகிறார். அதே சிற்பம் நகரத்துக் கடையில் 30,000க்கு நிற்கிறது. அந்த 16,000 ரூபாய் எங்கே போயிற்று? கடை வாடகை, போக்குவரத்து, விற்காமல் கிடக்கும் சரக்கின் முடக்கம் என்று ஒரு பகுதி நியாயமாகவே போகும். மீதி, நடுவில் நிற்பவரின் திறனுக்கான கூலி. அவருக்கு என்ன தெரியும்? யார் வாங்குவார் என்று தெரியும். படம் எடுத்து அளவு, எடை, மர வகை எழுதி அனுப்பத் தெரியும். விரல் உடையாமல் பெட்டி கட்டத் தெரியும். விலைப்பட்டியல் போடத் தெரியும். இவற்றில் எதுவும் 124 கூறுக் கணக்கைவிடக் கடினமில்லை.

புவிசார் குறியீட்டிலும் இதே கதை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குறியீடு பதிவானால் மட்டும் போதாது. அந்தப் பெயரைத் தன் சரக்கில் பயன்படுத்த ஒவ்வொரு கலைஞரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். 10 ரூபாய் பெரிதில்லை, படிவம்தான் பெரிது. படிவம் நிரப்பத் தெரிவதும் ஒரு தொழில்திறன்தான் என்று நம் பாடத்திட்டம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது சிஎன்சி இயந்திரம் வந்துவிட்டது. பூஜையறைக் கதவுக்கு வேண்டிய கொடியையும் மயிலையும் கணினியில் ஏற்றினால் இயந்திரமே குடைந்து கொடுத்துவிடுகிறது. பட்டறைக்காரர்களில் சிலருக்கு அதன்மேல் கோபம், சிலருக்குப் பயம். என் கருத்து வேறு. இயந்திரத்துக்கு உளி பிடிக்கத் தெரிந்தாலும் தாலம் தெரியாது. எவரோ கணினியில் போட்டுக்கொடுத்த உருவத்தில் மூக்கும் வயிறும் அளவு தப்பி நிற்பதைக் கடைகளில் பார்க்கலாம். தாலக் கணக்கு தெரிந்த இளைஞர் ஒருவர் கணினியில் முப்பரிமாண வரைவையும் கற்றுக்கொண்டால், இயந்திரம் வைத்திருப்பவர் அவரைத் தேடி வருவார். முரட்டு வேலையை இயந்திரம் செய்யட்டும், முகத்தையும் கையையும் நீங்கள் செய்யுங்கள். அப்போது 12 நாள் வேலை பாதியாகும், இயந்திரச் செலவு போகவும் நாள் கூலி கூடும். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசின் சிற்பக்கலைக் கல்லூரி இயங்குகிறது. பட்டறைப் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்துத் திரும்ப வேண்டும். திரும்பி வருவது முக்கியம்.

3. அப்பன் தொழிலா என்ற கேள்வி

இந்த இடத்தில் உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. “கையிலுள்ள தொழிலை விடாதே என்று சொல்லிக் குலத்தொழிலுக்கே எங்களை அனுப்புகிறாரா?” என்று கேட்கத் தோன்றும். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அன்று அது நீடித்திருந்தால் இந்த அவையில் இருக்கும் பாதிப் பேர் இங்கே இருந்திருக்க மாட்டோம்.

அந்த வாதம் முடிந்துபோன பழங்கதையும் அல்ல. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும் குறைந்தபட்ச வயதையும் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. பதிலுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பிக்க 35 வயது ஆகியிருக்க வேண்டும். அந்த 35 என்ற எண்ணில் ஒரு கொள்கை இருக்கிறது: படிக்க வேண்டிய வயதில் உளியைக் கையில் திணிக்கக் கூடாது, தொழிலில் நிலைத்துவிட்டவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

நான் இதை முழுமையாக ஏற்கிறேன். பதினெட்டு வயதுப் பெண்ணோ பையனோ எந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். தச்சர் மகள் மருத்துவராகலாம், மருத்துவர் மகன் மரம் செதுக்கலாம். கையில் இருக்கும் திறன் என்று நான் சொல்வது சாதி கொடுத்ததை அல்ல, நீங்கள் விரும்பி எடுத்துக்கொண்டதை. எதை எடுத்தாலும் அதற்கு அடுத்தது எது என்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

4. மலையின் பாயிண்ட் கணக்கு

கல்வராயன் மலைக்கு வருவோம். மலையாளிப் பழங்குடி மக்களின் மலை. வெள்ளிமலை இன்று வட்டத் தலைநகரம். மலையின் இன்னொரு பகுதி சேலம் மாவட்டத்தில் கருமந்துறைப் பக்கம். மூன்று ஜாகீர்தார்களின் கையில் கிடந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976இல்தான். சமவெளிக்கு வந்தவை எல்லாம் அங்கே ஒரு தலைமுறை தாமதம். சாமையும் வரகும் தினையும் விளைந்த நிலத்தில் இப்போது மரவள்ளி நிறைய.

மரவள்ளியைச் சேகோ ஆலை எடை பார்த்து மட்டும் வாங்குவதில்லை, பாயிண்ட் பார்க்கிறது. பாயிண்ட் என்றால் கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு. கிழங்கைக் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீரில் அமிழ்த்தி நிறுப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியாக இருக்கும், தண்ணீருக்குள்ளும் கனக்கும். அந்த எடையிலிருந்து பாயிண்ட் கணக்கு வரும். ஒரு பாயிண்டுக்கு இன்ன விலை. ஆக, லாரியில் ஏற்றிய கிழங்கு முழுவதற்கும் விலை சொல்வது அந்தத் தராசு முள். மலையிலிருந்து கிழங்கு கொண்டு இறங்குகிறவர் அந்த முள்ளைத் தள்ளி நின்று பார்க்கிறார். “மண்ணு ஜாஸ்தி, பாயிண்ட் கம்மி” என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறார்.

ஓர் ஊருக்கு ஒரு பெண் அந்தத் தராசைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் போதும். கிழங்கு மலையை விட்டு இறங்கும் முன்பே இன்ன பாயிண்ட் என்று தெரிந்துவிடும். ஆலையில் போய்க் கேட்பது தயவாக இராது, கணக்காக இருக்கும். பள்ளி அறிவியலில் மிதப்பு விசை படிக்கிறோமே, அதுதான் இந்தத் தராசு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது, விற்பனைக்கு 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது. மரவள்ளி ஆராய்ச்சிக்கு ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. இத்தனை அமைப்பு இருக்க, கிழங்கு போட்டவருக்குத் தராசு பார்க்கும் பயிற்சி கூட இல்லாமல் இருப்பது நியாயமா?

கடுக்காய் இன்னொன்று. தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் பிடிக்கவும் சித்த மருந்துக்கும் கடுக்காய் வேண்டும். காட்டில் பொறுக்கி மூட்டையாகக் கொடுத்தால் ஒரு விலை. கொட்டை நீக்கி, தோலை நிழலில் உலர்த்தி, தரம் பிரித்துக் கொடுத்தால் வேறு விலை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் மலை மக்களுக்கு உரிமை தருகிறது. தரம் பிரிக்கவும் ஈரப்பதம் பார்க்கவும் மலையிலேயே கற்றுக்கொடுக்க பழங்குடியினருக்கான பலநோக்குக் கூட்டுறவான லேம்ப் சங்கம் வழி செய்ய வேண்டும்.

மலைப் பிள்ளைகளால் முடியுமா என்று இனி யாரும் கேட்க வேண்டாம். கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025இல் நுழைவுத் தேர்வில் தேறி சென்னை ஐஐடிக்குப் போனார். கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. ஐஐடிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டாடுவோம். அதே அளவு அக்கறையோடு ஐடிஐக்குப் போகும் பிள்ளையின் பேருந்து நேரத்தையும் கேட்போம். மலையில் பல பிள்ளைகளின் படிப்பை நிறுத்துவது பாடத்தின் கடினம் அல்ல, மாலையில் ஊர் திரும்ப வண்டி இல்லாததுதான்.

5. ஆலை வாசலில்

உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் காலணி ஆலை அமைக்கத் தைவானின் பௌ சென் நிறுவனம் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. செய்யாறு சிப்காட்டில் இதே போன்ற ஆலைகளில் பல்லாயிரம் பெண்கள் வேலை செய்வதை நாம் பார்த்துவிட்டோம். அங்கே நடந்ததிலிருந்து நம் பெண்கள் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஷூ ஆலையில் ஒருவர் ஒரு வேலைதான் செய்வார். மேல்பாகத்தை வெட்டுவது ஒருவர், தைப்பது ஒருவர், அச்சில் ஏற்றி இழுப்பது ஒருவர், அடிப்பாகம் ஒட்டுவது ஒருவர். ஐந்து ஆண்டு ஒரே தையலைத் தைத்தால் கை வேகமாகும், ஆள் அதே இடத்தில் இருப்பார். நடுவில் நிற்பவர் அங்கே சூப்பர்வைசர். அவர் கையிலுள்ள திறன் என்ன? ஒரு ஜோடிக்கு எத்தனை நொடி ஆகிறது, எந்த மேசையில் சரக்கு தேங்குகிறது, எந்தக் குறைக்கு ஜோடி திரும்பி வருகிறது என்று எழுதி வைக்கத் தெரியும். தையல் இயந்திரம் நின்றால் எதனால் நின்றது என்று பார்க்கத் தெரியும். முதல் நாளிலிருந்து இவற்றில் ஒன்றைக் கவனித்துக் குறித்துவைக்கும் பெண், ஆலை விரிவடையும்போது மேலே போவார். கவனிக்காதவருக்கு மேல் வெளியூர் ஆள் வந்து அமர்வார்.

அரிசி ஆலையிலும் அப்படித்தான். கலர் சார்ட்டர் இயந்திரம் ஒவ்வொரு அரிசியையும் கேமராவில் பார்த்து, கருப்பு மணியைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. அது நின்றால் ஆலையே நிற்கும். எலக்ட்ரீஷியன் படித்த பையனுக்கு அந்த சென்சாரும் போர்டும்தான் அடுத்த பாடம். கற்க இடம் எங்கே என்று கேட்பீர்கள். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் முதல் உள்ள சிறு நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம். நம் ஆலை உரிமையாளர்களில் எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று அவர்களே தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அரசு செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் 1ஆம் நாள், மாணவர்களின் திறன் வளர்க்கும் நான் முதல்வன் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் 71 அரசு ஐடிஐக்களை நவீனமாக்க டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் கூடுதல். இத்தனையும் இருக்க, வீட்டு நகையை அடகு வைத்து ஏதோ ஒரு தனியார் மையத்தில் மூன்று மாதச் சான்றிதழ் வாங்குவது ஏன்? சான்றிதழில் யார் கையெழுத்து, அதை எந்த நிறுவனம் மதிக்கிறது, சென்ற ஆண்டு படித்தவர் இன்று எங்கே வேலை செய்கிறார் என்ற மூன்று கேள்விக்கும் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

6. கடல் கடந்து

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் ஊர்கள் நம்மிடம் நிறைய. சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு முன்பே ஸ்கில் டெஸ்டில் தேற வேண்டும். வெல்டிங்கோ மரச் சட்டம் அடிப்பதோ பையன் கற்றுவிடுகிறான். நடுவில் நிற்கும் ஏஜென்ட்டின் திறன், சட்டமும் படிவமும் தெரிந்திருப்பது. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம் என்பது குடியேற்ற விதி. முகவர் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். இந்த இரண்டு செய்தி தெரியாததால் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போய், முதல் சில ஆண்டுச் சம்பளத்தை வட்டிக்கே கட்டுகிறார்கள். 1978 முதல் தமிழ்நாடு அரசுக்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. செவிலியர் படிக்கும் பெண்களே, ஜெர்மனியில் உங்களைத் தேடுகிறார்கள். அங்கே உங்களுக்கு அடுத்த திறன் ஊசி போடுவதல்ல, ஜெர்மன் மொழி.

நம் பிள்ளைகள் உழைக்கப் போகும் சிங்கப்பூர் தன் குடிமக்களுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 2016இல் 25 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் புதிய திறன் கற்க 500 வெள்ளி கொடுத்தது. 2024இல் 40 வயது நிறைந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி ஒதுக்கியது. நடுவயதில் திரும்பப் படிப்பதை அங்கே அரசு தன் செலவாக எடுத்துக்கொள்கிறது. இங்கே அது குடும்பத்தின் தலையில் விழுகிறது. 35 வயதுத் தச்சருக்குக் கடன் கொடுக்கும் அரசு, அவர் இரண்டு மாதம் கணினி வரைவு கற்கும்போது வீட்டுச் செலவுக்கும் ஒரு தொகை கொடுக்கலாம். கூலி போகும் என்ற பயம்தான் அவரைப் பயிற்சிக்கு வரவிடாமல் தடுக்கிறது.

7. நிறைவாக

திறன் மட்டும் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாலை வேண்டும், பேருந்து வேண்டும், நியாயமான கூலி வேண்டும், சங்கம் வேண்டும். ஒருவர் கற்றால் நடுவில் நிற்பவர் கொஞ்சம் நகர்வார். ஊரே கற்றுச் சேர்ந்து நின்றால்தான் விலை மாறும். தராசு பார்க்கத் தெரிந்த பெண் தனியாகக் கேட்டால் ஆலை வேறு கிழங்கு வாங்கிக்கொள்ளும். மலையே சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த அவையிடம் எனக்கு மூன்று கோரிக்கைகள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர் அடுத்த ஆண்டு பொழிவோடு ஒரு பயிற்சியையும் நடத்த வேண்டும். புவிசார் குறியீட்டுப் பயனாளர் படிவத்தைப் பட்டறைக்காரர்கள் இதே மண்டபத்தில் உட்கார்ந்து நிரப்பட்டும். அரிசி ஆலை, சர்க்கரை ஆலை நிர்வாகத்தினர் உள்ளூர்ப் பழகுநர்களை எடுக்க வேண்டும். பேராசிரியர்கள் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பட்டறைக்கும் ஆலைக்கும் மலைக்கும் அழைத்துப்போக வேண்டும்.

மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்றிரவு ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எனக்கு இப்போது எது செய்யத் தெரியும்? அந்த வேலைக்கும் பணத்துக்கும் நடுவில் யார் நிற்கிறார்? அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன? மூன்றாவது வரியில் நீங்கள் எழுதுவதை இந்த ஆண்டுக்குள் கற்றுக்கொள்ளுங்கள்.